சளி மருந்தும் சிறுநீர்ச் சோதனையும்: கப்பலேற மும்பைக்கு வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து வணிகக் கப்பலில் சேர வரும் நம் பிள்ளைகள் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து மும்பைக்கு வந்து சேர்கிறார்கள். வரும்போதே பாதிப் பேருக்குச் சளி பிடித்துவிடுகிறது. இறங்கிய இடத்திலுள்ள மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கிறார்கள். நவி மும்பை பேலாப்பூரில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில், ஆட்களைச் சோதனைக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வரும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "நான் சளி மாத்திரைதான் போட்டேன்" என்ற பேச்சு, முடிவு வந்த பிறகு சொல்லப்பட்டால் யாரும் அதை ஆதாரமாக ஏற்பதில்லை. அதே செய்தி சோதனைக்கு முன்பே தாளில் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதற்காகத்தான் அமைந்திருக்கிறது. போதைப்பொருளை உண்மையிலேயே பயன்படுத்தியவருக்கு இதில் எந்த உதவியும் இல்லை.

1. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்: என்ன சோதனை என்று கேட்டு வாங்குங்கள்

டி.ஜி. ஷிப்பிங் எனப்படும் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவர் செய்யும் உடல்தகுதிப் பரிசோதனை வேறு, கப்பல் நிறுவனம் தன் கொள்கைப்படி கேட்கும் போதைப்பொருள், மதுச் சோதனை வேறு. இரண்டும் ஒரே கிளினிக்கில் ஒரே நாளில் நடப்பதால் புதியவர்கள் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள். முதலாவதில் உங்கள் உடல் கப்பல் வேலைக்குத் தாங்குமா என்று பார்க்கிறார்கள். இரண்டாவதில் தவறினால் அந்தக் கப்பல் மட்டுமல்ல, அந்த நிறுவனமே கைவிட்டுப் போகலாம்.

உங்களை அனுப்பும் அலுவலகத்திடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். எத்தனை வகைப் பொருட்களுக்கான சோதனை? அங்கேயே முடிவு காட்டும் உடனடிச் சோதனை அட்டையில் பார்ப்பார்களா, ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா? முதல் கட்டத்தில் பாசிட்டிவ் வந்தால் உறுதிச் சோதனை உண்டா? வகைகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படியான சோதனை கஞ்சா, கோகெய்ன், ஓபியாய்டு, ஆம்ஃபெட்டமின், பி.சி.பி. (மாயத்தோற்றம் தரும் ஒரு போதைப்பொருள்) என ஐந்து பிரிவுகளை மட்டும் பார்க்கிறது. சில நிறுவனங்கள் இவற்றோடு பார்பிச்சுரேட், பென்சோடயசெபின், மெத்தடோன் ஆகியவற்றையும் சேர்க்கின்றன. உங்கள் சளி மருந்து எந்தப் பிரிவோடு மோதும் என்பது இந்தப் பட்டியலைப் பொறுத்தது.

2. மருந்துக் கடையில்: பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளடக்கத்தைப் படியுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன். மும்பைக் கடையில் "சர்தி" (சளி), "காசி" (இருமல்) என்று இரண்டு இந்திச் சொற்களைச் சொன்னால் போதும், கடைக்காரர் நான்கைந்து மருந்துகள் கலந்த மாத்திரை ஒன்றையும் ஒரு சிரப்பையும் எடுத்து வைத்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. நாளைக் காலையில் உங்களுக்குச் சோதனை இருப்பது அவருக்குத் தெரியாது. அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அட்டையின் பின்புறத்திலோ பாட்டிலின் பக்கவாட்டிலோ சிறிய எழுத்தில் உள்ளடக்கம் அச்சிடப்பட்டிருக்கும். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்து, கீழ்க்கண்ட பெயர்களைத் தேடுங்கள்.

கோடீன் இருந்தால் அந்தச் சிரப்பைத் தொடாதீர்கள். அது ஓபியம் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறுகிறது. எனவே சோதனை காட்டும் பாசிட்டிவ் பொய்யானதல்ல, பொருள் உண்மையாகவே சிறுநீரில் இருக்கிறது. குளோர்ஃபெனிரமினும் கோடீனும் கலந்த இருமல் சிரப்பை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்த கூட்டு மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் கிடப்பதும், அதைத் தாயார் அக்கறையோடு பையில் வைத்து அனுப்புவதும் நடக்கிறது. ஒரே வணிகப் பெயருக்குப் பின்னால் ஓரிரு ஆங்கில எழுத்துகள் மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. "போன தடவை இதே சிரப்தான் குடித்தேன்" என்று சொல்பவரின் கையில் பெரும்பாலும் வேறு எழுத்துள்ள பாட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது சூடோஎஃபெட்ரின், எஃபெட்ரின். மூக்கடைப்பை நீக்கும் இவை ஆம்ஃபெட்டமினின் அமைப்பை ஒத்தவை. அதனால் முதல் கட்டச் சோதனை இவற்றை ஆம்ஃபெட்டமின் என்று தவறாக எண்ணிவிடக்கூடும். ஃபினைலெஃப்ரின் வேறு மருந்து. இன்று இந்தியாவில் கிடைக்கும் பெரும்பாலான சளி மாத்திரைகளில் இருப்பது இதுதான், இதனால் குழப்பம் வருவது மிகக் குறைவு. இரண்டின் பெயரும் 'எஃப்ரின்', 'எஃபெட்ரின்' என்று காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் வறட்டு இருமலுக்கான பல சிரப்களில் உண்டு. அது சில சோதனை அட்டைகளில் பி.சி.பி. பிரிவோடு குழம்புகிறது. டைஃபென்ஹைட்ரமின், டாக்சிலமின் போன்ற தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள் மெத்தடோன் அல்லது பி.சி.பி. பிரிவிலும், புரோமெதசின் ஆம்ஃபெட்டமின் பிரிவிலும் சில அட்டைகளில் பொய்யான முடிவைத் தந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. சளி முற்றியதென்று தரப்படும் லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் ஓபியம் பிரிவில் இதே வேலையைச் செய்யும். இவையெல்லாம் உறுதிச் சோதனையில் விலகிவிடும். ஆனால் உறுதிச் சோதனை முடிவு வருவதற்குள் உங்கள் விமானம் போய்விடும், அந்த இடத்துக்கு வேறொருவர் போயிருப்பார். அந்த இழப்பைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம்.

அப்படியானால் எதை வாங்குவது? காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் தனிப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குத் தனிச் செட்ரிசின், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, தொண்டைக்கு உப்புப் போட்ட வெந்நீர், ஆவி. கலவை மாத்திரையைத் தவிர்த்து ஒரு தொல்லைக்கு ஒரு மருந்து என்று எடுத்தால், பின்னால் கேட்கப்படும் போது எதை எடுத்தீர்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியும். செட்ரிசினும் சிலருக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் இரவில் எடுப்பது நல்லது.

முதுகுவலிக்கென்று சளி மாத்திரையோடு சேர்த்து வாங்கும் வலிநிவாரணியையும் பாருங்கள். பாராசிட்டமாலோடு ட்ரமடால் கலந்த மாத்திரைகள் மிகச் சாதாரணமாகப் புழங்குகின்றன. ட்ரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்ட ஒரு மருந்து.

3. முழு அட்டையாக வாங்குங்கள், பில் வாங்குங்கள்

ஒரு மழைக்கால மாலையில், மறுநாள் சோதனைக்குப் போகவிருந்த ஓர் இளைஞரிடம் என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். நான்கு குழிகளில் இரண்டு காலி. பின்புறத் தாளில் ஒரு சொல்லின் கடைசி நான்கு எழுத்துகளும், பாதியாக அறுபட்ட விலையும் மட்டுமே இருந்தன. "பச்சை அட்டைண்ணே, வழக்கமா தர்றதுதான்" என்றார். மருந்தின் பெயர், உள்ளடக்கம், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் கடைக்காரரிடம் நின்றுவிட்ட மறுபாதியில் இருந்தன. அன்றிரவு அவரோடு அந்தக் கடைக்குத் திரும்பிப் போய் மறுபாதியைத் தேடிப் பிடித்தோம். பெட்டிக்குள் அது இருந்தது எங்கள் நல்ல நேரம்.

பத்து மாத்திரையில் நான்கு போதும் என்று நினைப்பது சிக்கனம்தான், ஆனால் இந்த ஒரு வாரத்துக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். முழு அட்டையை வாங்கி, உங்கள் பெயரும் தேதியும் தொகுதி எண்ணும் உள்ள பில்லைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே உறையில் போடுங்கள். மாத்திரை தீர்ந்தாலும் காலி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அறையில் உடன் தங்கியிருப்பவர் தாளில் மடித்துத் தரும் மாத்திரையை, அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், வாங்கிப் போடாதீர்கள்.

எடுத்த தேதி, நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவாருங்கள். கோடீன், ஆம்ஃபெட்டமின் வகைப் பொருட்கள் பொதுவாகச் சில நாட்கள் வரை சிறுநீரில் தெரியும் என்பதால், சோதனைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்காவது இந்தக் குறிப்பு இருப்பது பாதுகாப்பு.

4. அடுக்களையும் நாட்டு மருந்தும்

கசகசாவை விட்டுவிடுங்கள். குருமாவிலும் பாயசத்திலும் அரைத்துவிடும் கசகசா ஓபியம் செடியின் விதை. விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் மார்ஃபினும் கோடீனும் உண்டு. கழுவினாலும் வறுத்தாலும் அளவு குறையுமே தவிர முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. அமெரிக்க அரசின் பணியிடச் சோதனையில் ஓபியத்துக்கான வரம்பு 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டதற்கே இந்த விதைதான் காரணம். அதற்குப் பிறகும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2023 பிப்ரவரியில், படைவீரர்கள் கசகசா கலந்த உணவைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ராணுவத்துக்கே அந்தக் கவலை இருக்கும்போது, இன்னும் 300 என்ற பழைய வரம்புள்ள சோதனை அட்டைகள் புழங்கும் இடத்தில் சோதனைக்குப் போகும் நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! மாட்டுங்காவிலோ சயானிலோ மெஸ்ஸில் சாப்பிடும் அந்தச் சில நாட்கள் குருமாவை ஒதுக்கிவிட்டு, சாம்பாரும் ரசமும் மோரும் போதும் என்று இருங்கள்.

தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதித்தலால் தானாகவே உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. பாட்டிலின் லேபிலிலேயே அதைப் போட்டிருப்பார்கள். ஹோமியோபதித் தாய்த் திரவங்களிலும் சில இருமல் சிரப்களிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் ஆல்கஹால் உண்டு. கடலோடிகளுக்கான சர்வதேச எஸ்.டி.சி.டபிள்யூ. விதி இரத்தத்தில் 0.05 சதவீதம் அல்லது மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் பூஜ்ஜியம் என்றே வைத்திருக்கின்றன. ஊதும் சோதனைக்குச் சற்று முன் இவற்றில் எதையும் வாயில் வைக்காதீர்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் கருவியில் ஏறிவிடும். அப்படி ஏறினால் குறைந்தது 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊத வைக்கும்படி கேட்பது முறையான நடைமுறைதான்.

ஆஸ்துமாவுக்கென்று தரப்படும் சில ஆயுர்வேத மருந்துகளில் சோமலதா என்ற மூலிகை சேர்கிறது. அதில் எஃபெட்ரின் உண்டு. ஹோலி, சிவராத்திரி நாட்களில் மும்பையில் கிடைக்கும் தண்டாய் என்ற பால் பானத்தில் பாங்கு கலந்திருக்கலாம். அது கஞ்சாதான். யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. மருத்துவர் சீட்டு

இருமல் கடுமையாக இருந்து மருத்துவர் தந்தே ஆக வேண்டிய மருந்து என்றால், சோதனைக்கு முன்பே சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். சோதனைக்குப் பிந்தைய தேதியிட்ட சீட்டு உங்களைக் காப்பதற்குப் பதிலாகச் சந்தேகத்தை வளர்க்கும். சீட்டில் உங்கள் முழுப் பெயர், கடலோடிக்கான பதிவுப் புத்தகமான சி.டி.சி.யில் உள்ளபடியே இருக்கட்டும். மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள்.

ஏற்கெனவே மருத்துவர் சொல்லி எடுத்துவரும் மருந்தை, சோதனைக்குப் பயந்து நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத் தொடருங்கள்.

6. சோதனை நாள்

பாஸ்போர்ட், சி.டி.சி., மருந்து உறை, குறிப்புத் தாள் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள். "நிறையக் குடித்தால் எல்லாம் கழுவிப் போய்விடும்" என்ற அறைத் தோழர்களின் யோசனையைக் கேட்டு இரண்டு மூன்று லிட்டர் குடித்துவிட்டுப் போனவர்களுக்கு, மாதிரி நீர்த்துப்போயிருக்கிறது என்ற குறிப்போடு முடிவு வந்தது. சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப் பொருளான கிரியாட்டினின் அளவையும் சிறுநீரின் அடர்த்தியையும் ஆய்வகம் தனியாகப் பார்க்கிறது. எதையும் மறைக்காதவர் தேவையில்லாமல் மறைத்தவர்போல் தெரிய நேர்வதுதான் இதன் விளைவு.

மருந்துகளை எங்கே சொல்வது என்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பெரும்பாலான கிளினிக்குகளில் மாதிரி கொடுக்கும் முன் நிரப்பும் படிவத்தில், அண்மையில் எடுத்த மருந்துகள் என்ற வரி இருக்கும். புதியவர்கள் அங்கே "ஏதுமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். சளி மாத்திரையை மருந்தாகவே கருதாததும், எழுதினால் சிக்கல் வரும் என்ற பயமும் இதற்குக் காரணம். பிற்பாடு விளக்கம் சொல்லும்போது அந்த ஒரு சொல் உங்களுக்கு எதிராக நிற்கும். பாராசிட்டமால் உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி நடக்கும் சோதனையில் மட்டும் மாதிரி சேகரிப்பவரிடம் மருந்துப் பட்டியல் கொடுக்கும் வழக்கமில்லை. உங்கள் நகலின் பின்புறத்தில் நினைவுக்காகக் குறித்துக்கொண்டு, ஆய்வக முடிவை மறுஆய்வு செய்யும் மருத்துவர் அழைக்கும்போது சொல்ல வேண்டும்.

மாதிரி கொடுத்த பின் அது உங்கள் கண் பார்வையிலேயே இருக்கட்டும். மேற்சொன்ன அமெரிக்க விதிப்படி என்றால் குறைந்தது 45 மில்லிலிட்டர் வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 30, 15 மில்லிலிட்டராக இரண்டு பாட்டில்களில் பிரித்து முத்திரையிடுவார்கள். முத்திரையில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது பாட்டில் உங்களுக்கான பாதுகாப்பு. முதல் பாட்டிலின் முடிவை நீங்கள் மறுத்தால் திறக்கப்படுவது அதுதான்.

உடனடி அட்டையில் பார்க்கிறார்கள் என்றால், கோடுகளைக் கண்டு கலங்காதீர்கள். கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டாம் கோடு தெரிந்தால் பாசிட்டிவ் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இங்கே இரண்டு கோடும் தெரிந்தால் நெகட்டிவ். இரண்டாம் கோடு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். அது அறவே தோன்றாவிட்டால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

7. முதல் கட்டத்தில் பாசிட்டிவ் என்றால்

அழுகையும் கோபமும் வரும். நியாயமானதுதான். ஆனால் அந்த முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே மாதிரியை ஜி.சி.எம்.எஸ். அல்லது எல்.சி.எம்.எஸ். என்னும் ஆய்வக முறையில் உறுதிச் சோதனைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். அட்டைச் சோதனை மூலக்கூறின் சாயலை வைத்து முடிவு சொல்கிறது. சாயல் ஒத்த வேறு மருந்தையும் அது பிடித்துவிடும். உறுதிச் சோதனை மூலக்கூறையே தனியாகப் பிரித்து, எது, எவ்வளவு என்று அடையாளம் காட்டுகிறது. சூடோஎஃபெட்ரினால் வந்த பாசிட்டிவ் இங்கே விலகிவிடும். கோடீனால் வந்தது விலகாது, அதற்குச் சீட்டுதான் பதில்.

வேறொரு கிளினிக்குக்கு ஓடிப்போய்ப் புதிதாகச் சிறுநீர் கொடுத்து நெகட்டிவ் வாங்கிவருவது பலரும் செய்யும் தவறு. இரண்டு நாள் கழித்து வந்த நெகட்டிவ் முதல் மாதிரியைப் பற்றி எதையும் சொல்லாது என்பதால் நிறுவனம் அதை ஏற்காது. இதற்குச் செலவிடும் நேரத்தில் பழைய மாதிரியைக் கேட்டுப் பெறும் கெடு போய்விடும். அமெரிக்க விதியில் இரண்டாம் பாட்டிலைச் சோதிக்கக் கேட்க, மறுஆய்வு மருத்துவர் முடிவைத் தெரிவித்ததிலிருந்து 72 மணி நேரம்தான் அவகாசம்.

மறுஆய்வு மருத்துவர் பேசும்போது உறையைத் திறந்து, மாத்திரை அட்டை, பில், சீட்டு, குறிப்புத் தாள் என்ற வரிசையில் காட்டுங்கள். எடுக்காததை எடுத்ததாகச் சொல்லாதீர்கள். இந்தி தடுமாறினால் தமிழ் தெரிந்த ஒருவரை அலுவலகத்திலிருந்து உடன் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். தெரியாத மொழியில் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் பிறகு பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

8. கப்பலிலும் வெளித் துறைமுகத்திலும்

சோதனை சேரும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்கக் கடற்பகுதியில் பெரிய விபத்து நேர்ந்தால், தொடர்புடையவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மதுச் சோதனையும் 32 மணி நேரத்துக்குள் போதைப்பொருள் சோதனையும் எடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுக் கடலோரக் காவல் விதி. எனவே கப்பலில் சளி பிடித்தால் சொந்தப் பையில் கை வைக்காமல், மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடம் கேட்டு வாங்கி, மருத்துவப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தூக்கம் தரும் மாத்திரை என்றால் உங்கள் வாட்ச் (முறைப் பணி) நேரத்தையும் சொல்லிவிடுங்கள். கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜிலோ எஞ்சின் அறையிலோ கண் சொக்குவது சோதனையைவிடப் பெரிய ஆபத்து.

வெளிநாட்டில் பெயரை நம்பி வாங்காதீர்கள். நம் ஊர் விக்ஸ் இன்ஹேலரில் மெந்தாலும் கற்பூரமும்தான் முக்கியம். அமெரிக்காவில் அதே விக்ஸ் பெயரில் முன்பு விற்கப்பட்ட ஒரு மூக்கு இன்ஹேலரில் லெவ்மெட்டாம்ஃபெட்டமின் இருந்தது. அது மெத்தாம்ஃபெட்டமினின் கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறு. சாதாரண உறுதிச் சோதனைகூட அதை மெத்தாம்ஃபெட்டமின் என்றே காட்டும். இடது, வலது வடிவங்களைப் பிரித்துப் பார்க்கும் கூடுதல் சோதனையை நீங்கள் குறிப்பிட்டுக் கேட்டால்தான் உண்மை தெரியும். லெவ்மெட்டாம்ஃபெட்டமின் உள்ள இன்ஹேலரை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளுக்கும் அங்கே அனுமதி இல்லை.

துபாய் அல்லது ஃபுஜைராவில் கப்பலேறுகிறவர்கள், வீட்டில் கட்டித் தந்த மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துக் கசகசா இல்லை என்று உறுதி செய்த பிறகே விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கோடீனும் ட்ரமடாலும் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாத மருந்துகள். பையை மூடுவது கடைசி வேலையாக இருக்கட்டும், அதையும் அம்மாவோ தங்கையோ கட்டித் தந்தபடியே விடாமல் உங்கள் கையாலேயே ஒருமுறை பிரித்து அடுக்குங்கள்.